நாற்பது பேய்க்குக் கண் திறந்த கதை

கோச்சடை,
தாது வருஷம், ஐப்பசி 20.

சௌபாக்கியவதி மகள் சின்னத்தாய்க்கு உன் அய்யா பேயாண்டி மனம் நிறைந்த ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் ஆத்தாளும் கறவைப் பசுவும் அய்யனார் காவலில் சுகமாக இருக்கிறோம். அதுபோல் அந்தத் தேயிலை மலைக் குளிரில் நீயும் மாப்பிள்ளை முத்துக்கருப்பனும் உன் வயிற்றில் இருக்கிறவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். வைகையில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்ச் செடி இந்த மழையைத் தாங்கிக்கொண்டால் தை மாதம் பறிக்கலாம். உன் ஆத்தாளுக்கு இருமல் தேவலை, வாய் மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது.

உன் கடுதாசி புரட்டாசி நடுவிலேயே வந்துவிட்டது, உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வெறும் ஆறுதலை எழுதி அனுப்ப எனக்குக் கை வரவில்லை. கால் வீங்கியிருப்பதால் கப்பல் பயணம் கூடாதென்று தோட்டத்து டாக்டர் சொல்லிவிட்டார் என்றும், தலைப்பிரசவமாக இருந்தாலும் அங்கேயே பார்த்துக்கொள்வதாகவும், நாங்கள் வழிச்செலவுக்கு அலைய வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். எனக்குப் பயமில்லை என்று அந்த ஒரே கடுதாசியில் மூன்று இடத்தில் எழுதியிருந்தாய், தாயி. ஒரு தடவை எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஆத்தாளுக்கு வாசித்துக் காட்டும்போது மூன்றாவதை விட்டுவிட்டுத்தான் வாசித்தேன். அப்படியும் அவள் அடுப்பில் கிடந்த விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, பிள்ள பயந்து போயிக் கெடக்கு, அவ வர முடியாட்டி நான் போறேன், எம்புட்டுச் செலவானாலும் சரி என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டாள், கையில் என்ன இருக்கிறது என்று நான் அல்லவா பார்க்க வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் போட்டதுபோக ஒன்றும் மிஞ்சவில்லை. பசுவை விற்கலாமா என்று கேட்டேன், அதற்கு அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பேய் வியாபாரம் வந்து சேர்ந்தது. பசுமலைப் பக்கம் ஒரு பங்களாவில் குடியிருக்கிற அமெரிக்கத் துரைசானி ஒருவர் மோட்டாரில் போகும்போது நம் மிளகாய்த் தோட்டத்துப் பொம்மையைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டார். உனக்குத் தெரியும், ஓட்டைப் பானையைக் கவிழ்த்துச் சுண்ணாம்பு பூசி, கரியால் பல்லும் மீசையும் எழுதிக் கம்பில் கட்டுவேனே, அதுதான். கூட வந்தவன் அந்த வீட்டுப் பட்லர். பெயர் வெள்ளைத்துரை, ஆள் என்னைவிட ஒரு படி கறுப்பு. அவன்தான் அந்த அம்மாள் சொன்னதை எனக்குச் சொன்னான். அவர்கள் தேசத்தில் அக்டோபர் மாதக் கடைசி நாளில் செத்தவர்களெல்லாம் சுற்ற வருவார்கள் என்று ஒரு நம்பிக்கையாம். அதனால் பிள்ளைகள் பேய் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்களாம். பேயி வந்து மிட்டாய் கேக்குற திருநாளுண்ணே, நீங்க சிரிக்காதீக என்றான். நான் சிரிக்கவில்லை, பின்னால் நின்ற உன் ஆத்தாள்தான் சிரித்தாள். அக்கம்பக்கத்துப் பங்களாக்களில் உள்ள அவர்கள் பிள்ளைகளைக் கூட்டி இந்த வருஷம் அந்தத் திருநாளை நடத்த வேண்டும், தோரணத்துக்கும் முகமூடிக்கும் சாமான் அவர்கள் தேசத்திலிருந்து வரவழைத்தால் விலையும் அதிகம், அந்த நாளுக்குள் வந்தும் சேராது, அதனால் இந்தப் பானை முகம்போல நாற்பது வேண்டும், பிள்ளைகள் தூக்குகிற மாதிரி கனமில்லாமல் வேண்டும், முகத்துக்கு நாலணா தருகிறேன் என்றார் துரைசானி. இதுபோக, பூசணிக்காயைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே விளக்கு வைக்கிற மாதிரி ஆறு காய் கேட்டார். நான் மனதுக்குள் ராமேஸ்வரம் வண்டியையும் கப்பலையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். மோட்டார் போனதும் உன் ஆத்தாள், ஒங்களுக்குப் பேயாண்டின்னு ஒங்க அய்யா பேரு வச்சப்பவே தெரிஞ்சுதான் வச்சிருக்காக என்றாள்.

கனமில்லாமல் என்றதும் எனக்கு யோசனை ஓடவில்லை, வழி சொன்னது அவள்தான். வீட்டில் தானியம் போட்டு வைக்கக் காகிதக் கூழில் கூடை செய்வாளே, அதே வேலை. ஆரப்பாளையத்துக் கடையில் பழைய பத்திரிகைக் காகிதம் எடைக்கு வாங்கி வந்தேன். மூன்று நாள் ஊறப் போட்டு, வெந்தயம் சேர்த்து உரலில் போட்டு இடித்து, குயவர் வீட்டில் சும்மா கொடுத்த விரிசல் பானைகளின் முதுகில் சாம்பல் தூவி அதன்மேல் அப்பினோம். காய்ந்ததும் தட்டினால் முகம் தனியாகக் கழன்று வந்துவிடும். காசு போட்டது காகிதத்துக்கும் வெந்தயத்துக்கும்தான். சுண்ணாம்பு வீட்டில் இருந்தது, கரி அடுப்பில் இருந்தது, தாடிக்குத் தேங்காய் நார், பல்லுக்குக் குடைந்த பூசணியின் விதை. குடைந்தெடுத்த சதையை வீணாக்க உன் ஆத்தாளுக்கு மனது வருமா, எனக்கு ஒன்பது நாள் பூசணிக் கூட்டு. பத்தாம் நாள் அவளே எனக்கு ஒரு அப்பளம் சுட்டுப் போட்டாள். நடுவில் மழை பிடித்துக்கொண்டு நாலு நாள் விடவில்லை. பாதி முகம் ஈரமாக இருக்கிறது, நாளோ நெருங்குகிறது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி எல்லாவற்றையும் புகையில் தொங்கவிட்டோம். ஒரே கண் எரிச்சல். அந்தப் புகையிலும் அவள் ஒவ்வொரு மூக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு, இது ஒங்க அக்கா மூக்கு, இது நம்ம சம்பந்தி மூக்கு என்று உறவு சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாதே.

இனிமேல் சொல்லப் போவது நான் செய்த தப்பு. வாய், மூக்கு, பல், தாடி எல்லாம் வைத்தேன், ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா. அய்யனாருக்குச் செய்கிற குதிரைக்கும் குயவர் வீட்டில் கண் வைக்க மாட்டார்கள், கோயிலில் கொண்டுபோய் நிறுத்தித்தான் கண் திறப்பார்கள். தோட்டத்துப் பொம்மைக்குக்கூட நான் கம்பில் ஏற்றி வெளியே பார்க்கத் திருப்பின பிறகுதான் கண் எழுதுவேன். நாற்பது பேயை வீட்டுக்குள் கண் விழிக்க வைக்கலாமா, அதுவும் பிள்ளைத்தாய்ச்சி மகளுக்காகச் செய்கிற காரியத்தில். அவர்கள் திருநாள், அவர்கள் முறைப்படி அவர்களே திறந்துகொள்வார்கள் என்று நான் நினைத்துவிட்டேன். பூசணிக்காயிலும் அப்படியே வாயும் மூக்கும்தான் வெட்டியிருந்தேன். அந்த அம்மாளுக்கு இந்த வழக்கம் தெரியாதே, சொல்லிவைக்க வேண்டுமே என்று எனக்கும் தோன்றவில்லை, என்னைவிடக் கெட்டிக்காரி உன் ஆத்தாளுக்கும் தோன்றவில்லை.

திருநாள் அன்று மத்தியானம் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பங்களா வாசலில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். துரைசானி வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது. வெள்ளைத்துரை என் பக்கத்தில் வந்து, அம்புட்டும் குருட்டுப் பேயா இருக்கேண்ணே, வேலைய அரைகுறையாக் கொண்டாந்துட்டீகன்னு சொல்றாக, வேண்டாமாம் என்றான். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். உன் அய்யாவின் கோபம் உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் திரும்ப வண்டியில் ஏற்ற ஆரம்பித்தேன். பத்துப் பன்னிரண்டு ஏற்றியிருப்பேன், நான் வாசிக்காமல் விட்ட அந்த மூன்றாவது பயமில்லை ஞாபகம் வந்துவிட்டது. என் ரோஷத்துக்கு நீ அங்கே தனியாகக் கிடக்க வேண்டுமா என்று தோன்றியது. ஏற்றினதையெல்லாம் திரும்ப இறக்கி வைத்தேன். வெள்ளைத்துரையைக் கூப்பிட்டு, தம்பி, சோம்பேறித்தனத்துல விட்டதில்ல, பிள்ளைக நல்லதுக்குத்தான் மூடி வச்சிருக்கு, யாருக்கு உடமையோ அவுக முன்னால வச்சுத்தான் கண்ணத் தெறக்கணும், பேயி முதல்ல அவுகளப் பாத்துட்டா அவுகளப் பயமுறுத்தாது, இத மட்டும் போயிச் சொல்லு, அப்புறமும் வேண்டாம்னா நான் போறேன் என்றேன். அவன் உள்ளே போய் ரொம்ப நேரம் வரவில்லை. பிறகு அந்த அம்மாளே வந்தார். நான் சொன்னதைத் திரும்ப ஒரு தடவை கேட்டார். அப்படியானால் அஞ்சு மணிக்கு நீயே இருந்து திறந்துவிடு என்றார்.

சாயங்காலம் மோட்டாரிலும் குதிரை வண்டியிலுமாக அத்தனை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வந்து இறங்கின. நான் தாழ்வாரத்தில் சுண்ணாம்புக் கிண்ணமும் கரிக் குழம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிள்ளையாக முகத்தை எனக்கு எதிரே பிடித்துக்கொண்டு நிற்க, நான் ஓரமாக இருந்து கண் எழுதி, உடனே அதை அந்தப் பிள்ளை பக்கம் திருப்பிவிட்டேன். சும்மா எழுதவிட்டார்களா, ஒன்றுக்கு மாறுகண் வேண்டுமாம், ஒன்றுக்கு ஒரு கண் தூங்க வேண்டுமாம். ஒருவன் தன் பேய்க்கு நீலக் கண்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க, வெள்ளைத்துரை ஓடிப்போய் வேட்டிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துக்கொண்டு வந்தான், அதன்பிறகு பாதிப் பேய்க்கு நீலக் கண். நாலு வயசுப் பெண் ஒன்று பயந்து கிட்டவே வரவில்லை. அதன் பேய்க்கு மட்டும் இமையைத் தாழ்த்திக் கீழே பார்க்கிற மாதிரி எழுதிக் கொடுத்தேன். அது பேயைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே போயிற்று. உன் ஞாபகம் வந்து, அடுத்த பேய்க்கு ஒரு கண்ணைப் பெரிதாக எழுதிவிட்டேன். பூசணிக்காய்க்கும் கண் வெட்டி விளக்கேற்றினோம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துரைசானி பேசின பணத்தை அப்படியே கொடுத்து, பூசணிக்குத் தனியாகவும் கொடுத்து, கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம் செய்வாயா என்று கேட்டார். அதற்கு முன்பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் ஒன்று செய்து காட்டிக் கேட்டுக்கொண்டு மற்றதைச் செய்வதாகச் சொன்னேன், எனக்கும் புத்தி வருமல்லவா.

ஆகவே தாயி, வழிச்செலவு சேர்ந்துவிட்டது, ஆனால் ஒரு ஆளுக்குத்தான். நீங்க போங்க, போர்டு படிக்கத் தெரிஞ்சவுக என்றாள் உன் ஆத்தாள். பிரசவ வீட்டில் கதவுக்கு வெளியே நிற்கிறதுக்கு நான் எதுக்கு, நீதான் போகணும் என்றேன். ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, மூன்று வருஷம் ஆகிவிட்டது, அதை மறைத்து என்ன. ஆனால் இப்போது உனக்கு வேண்டியது அவள். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிற நம் ஊர் சோலை, பெண்சாதியோடு லீவு முடிந்து திரும்புகிறான். தீபாவளி கழிந்து கார்த்திகை இரண்டாம் தேதி அவர்களோடு ஆத்தாளை ரயிலேற்றி விடுகிறேன். மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி வைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றுவார்களாம், அதனால் வந்து சேர முன்னே பின்னே ஆகலாம், கலங்காதே. அட்டன் ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வந்து நிற்கட்டும். கருப்பட்டியும் பிரசவ மருந்தும் என்னுடைய பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்த துணியும் கொண்டு வருகிறாள். அவள் வரும்வரை கொழுந்துக் கூடை தூக்காதே, கங்காணி ஏதாவது சொன்னால் மாப்பிள்ளை பேசிக்கொள்ளட்டும். சுடுதண்ணீரே குடி. இரவில் காலை உயர்த்தி வைத்துப் படு. ஆத்தாள் சமையலில் உப்பு கூடினால் சொல்லிக் காட்டாதே, கடல் தாண்டி வருகிறாள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை அவளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நட்சத்திரத்துக்குக் காகிதம் இடிக்க எனக்குத் தெரியும், கஞ்சி காய்ச்சவும் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ பிறந்தபோது நான் இரண்டு நாள் வெளியே நின்றேன். மருத்துவச்சி கதவைத் திறந்து, பொம்பளப் பிள்ள என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டாள். உன் ஆத்தாள் பிழைத்துக் கிடக்கிறாள் என்று யாராவது வந்து சொல்ல அதன்பின் ஒரு நாழிகை ஆயிற்று. அந்த ஒரு நாழிகையை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் பிள்ளை பிறந்ததும் மாப்பிள்ளையைக் கார்டு போடச் சொல். ஆணா பெண்ணா, யார் சாயல், என்ன நட்சத்திரம், எல்லாம் பிறகு எழுதட்டும். சின்னத்தாய் சுகமாக இருக்கிறாள் என்று முதல் வரியில் எழுதட்டும். அதைப் படித்த பிறகுதான் நான் மற்றதைப் படிப்பேன்.

நீயும் உன் குலமும் தழைக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

இப்படிக்கு,
உன் வரவுக்கும் மாப்பிள்ளை கார்டுக்கும் வாசலைப் பார்த்திருக்கும்
அய்யா பேயாண்டி