கூறைச்சேலை கட்டிய சிலை

ஆக. 12, செவ்வாய்

காலையிலிருந்து வானம் மூடாக்கு. பெயிண்ட் காயத் தாமதம். மதியம் நான் செய்த மணப்பெண் சிலையை வண்டியேற்றிப் புதுப் புடவைக்கடையின் கல்யாணப் பிரிவில் நிறுத்தினோம். ஏழடி, ஃபைபர். கூறைச்சேலை, நெற்றிச்சுட்டி, மாலை. முகத்துக்கு மாதிரி, கடைக்காரர் தந்த பழைய புகைப்படம். யாரென்று கேட்டதற்கு, "சும்மா லட்சணமான முகம்ங்க, அவ்வளவுதான்."

வாங்க: உப்புத்தாள், பட்டி, மழைக்குச் செருப்பு.

ஆக. 13, புதன்

கடைக்காரரின் அம்மா கடை பார்க்க வந்தார். லிஃப்டிலிருந்து இறங்கியவர் சிலையைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அது அவர் மகள் சுமதியின் முகம். கல்யாணம் ஆகாமலே இருபத்திரண்டு வயதில் காய்ச்சலில் போனவள். வருடாவருடம் அவள் படத்துக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிடும் வீடு. கூறைச்சேலை மட்டும் வைப்பதில்லை.

"ஏண்டா, ஆகாத கல்யாணத்த ஊரு பாக்க நடத்திப்போட்டியேடா."

"கடைக்கு அக்கா தொணையா நிக்கட்டும்னு நெனச்சனம்மா."

சேலையை நானே அவிழ்த்தேன். சிலையின் தோள் சில்லென்று. ஏசிதான் காரணம்.

ஆக. 14, வியாழன்

கடைக்காரர் போனில்: "மூஞ்சியில்லாத தலையா மாட்டிக் குடுங்க மேடம். பழச ஒடச்சுப்போடுங்க."

கழுத்தில் அறுத்து, வழவழப்பான முட்டைத் தலை மாட்டியாயிற்று. பழைய தலை கணபதி பகுதியில், என் பட்டறை மேசைமேல். என்னிடம் வேலை செய்யும் ஸ்டீபன் அறுக்கும் கிரைண்டரை எடுத்தார், கீழே வைத்தார்.

"நீங்களே செஞ்சுபோடுங்க மேடம். அது என்னையவே பாக்குது."

"வெறும் பெயிண்ட், ஸ்டீபன்."

"அப்பறம் மத்தியானம் அதும்மேல துண்டப் போட்டு மூடுனது யாருங்க?"

துண்டை மறுபடி போட்டு மூடினேன். உடைக்கவில்லை.

ஆக. 16, சனி

அந்த அம்மா ஆட்டோவில், தனியாக. மகனுக்குத் தெரியாதாம்.

"ஒடச்சுப்போடாதீங்க அம்மணி. வயசாக்கிக் குடுங்க. இருந்திருந்தா இப்ப நாப்பத்தெட்டு. எப்படி இருப்பாள்னு பாக்காமயே போயிருவனாட்ட இருக்குது."

என் வயதுதான். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஒரு வாரம் ஆகும்ங்க" என்று வந்தது.

ஆக. 18, திங்கள்

கண்ணுக்குக் கீழே பட்டி பூசிச் சுருக்கம். வாயோரம் இரண்டு கோடு, முடியில் நரை. மாதிரிக்கு ஆளில்லை, கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டேன். தொய்ந்த கன்னம், சற்றே இறங்கிய இடது புருவம், எல்லாம் என்னுடையவை. காது மட்டும் அவளுடையது.

தைராய்டு மாத்திரை மறந்தேன். பேய் பிசாசு நம்பிக்கை எனக்கு எந்நாளும் இல்லை. இருந்தும் சாயங்காலம் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

ஆக. 22, வெள்ளி

நல்ல வெயில். அந்த அம்மா வந்தார். துண்டை எடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். வாயோரக் கோட்டை விரலால் தடவினார்.

"தலையெல்லாம் நரச்சுப்போச்சே சாமி."

என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த முகத்திடம் கேட்டார்: "சாப்டியா கண்ணு?"

ஸ்டீபன் வெளியே போய்விட்டார். அம்மா பதிலுக்காகக் காத்திருந்தார்.

"சாப்டேம்மா" என்றேன்.