வேலமரத்தோரத்துச் சாம்பல்

செப்டம்பர் 1, திங்கள்

வானம் மூடாக்கு. மழை இல்லை, புழுக்கம் மட்டும். போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, சூலூர் தாண்டி நொய்யல் கரை. ஆற்றில் நுரை, நாற்றம்.

சென்னியப்பன் அண்ணன் நிலத்தில் கடலை பிடுங்கியாகிவிட்டது. தரை வெறுமை. கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன. இரும்புக் காலத்து ஊர் இது என்று மூன்று மாதமாகச் சொல்லி வருகிறேன், கேட்க ஆளில்லை. ஒவ்வொரு ஓடு கிடந்த இடத்திலும் சிறு கொடி, எண், வரைபடத்தில் புள்ளி. இன்று 41. இன்னும் பாதி நிலம் பாக்கி. இடுப்பு போயிற்று.

வேலமரத்தோரம் மழைநீர் அரித்த இடத்தில் சாம்பல். அதில் பாதி புதைந்து ஒரு சிவப்புக் கல்மணி!! குறித்துக்கொண்டு எடுத்தேன்.

செப். 3, புதன்

கல்லூரியில் துறைத்தலைவர்: "மணி ஒண்ணு கெடச்சா ஊரு ஆயிருமா மேடம்?" கேள்வி சரிதான். கேட்ட விதம்தான் எரிச்சல். தோண்ட அனுமதி வேண்டுமென்றால் எது எதனோடு எங்கே கிடந்தது என்று முழு வரைபடம் வேண்டும்.

மாலை கோட்டைமேடு. கல் வியாபாரி காதர் பாய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இது நம்ம பக்கத்துக் கல்லு இல்லீங்கம்மா, வடக்க இருந்து வந்தது. ஆனா ஓட்டையப் பாருங்க, பாதி போட்டு உட்டிருக்கு. விக்க வந்தவன் இப்படிக் கொண்டாரமாட்டானுங்க."

அப்படியென்றால் கல் அங்கிருந்து, வேலை இங்கே! அந்தச் சாம்பலோரம் யாரோ உட்கார்ந்து துளை போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் தனியாகச் சிரித்திருப்பேன் போல, பக்கத்து சீட்டு அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

இறங்குவதற்குள் சென்னியப்பன் போன். நிலத்து மேட்டை நிரவித் தென்னை வைக்கிறாராம், திங்கட்கிழமை ஜேசிபி. ஒரு மாதம் தள்ளிப்போடக் கெஞ்சினேன். "வண்டி கெடைக்கறதே பெரும்பாடுங்க. அதுக்குள்ளார வேணுங்கறத எடுத்துக்கோங்க டீச்சர்."

செப். 5, வெள்ளி

நேற்றும் இன்றும் தேர்வு மேற்பார்வை. மூன்று மணி நேரம் பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டு. நிலத்துக்குப் போகவே முடியவில்லை. லீவு கேட்டால் முறைக்கிறார்கள்.

செப். 6, சனி

எழுதக் கை வரவில்லை.

நிலத்தில் ஒரு கொடியும் இல்லை. ஒரு ஓடும் இல்லை. அண்ணன் வீட்டு வாசலில் மூன்று சாக்கு. சென்னியப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஏனுங்க டீச்சர், ஒத்தை ஆளா வெயில்ல குனிஞ்சு பொறுக்கறீங்கன்னு மனசு கேக்கலீங்க. கடலை பொறுக்கற ஆளுங்க ஆறு பேரை வரிசையா உட்டு, ஒரு சில்லு உடாம பொறுக்கிப்போட்டேன்."

அவர் மனைவி சரசக்கா: "மண்ணு போகக் கழுவியும் வெச்சுட்டமுங்க."

கருப்பு ஒரு சாக்கு. சிவப்பு ஒரு சாக்கு. இரண்டும் கலந்தது ஒரு சாக்கு. என் கொடிகள் ரப்பர் பேண்டு போட்டு ஒரே கட்டு.

வேலமரத்துக்கு ஓடினேன். சாம்பலை மண்வெட்டியால் வழித்து, இடத்தைச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

கத்திவிட்டேன். "பானை ஓட்ட வெச்சுட்டு நான் என்னங்ணா பண்றது? அது எங்க கெடந்துச்சுங்கறதுதானுங்க எனக்கு வேணும்! எல்லாம் போச்சு!"

அவர் சிரிப்பு நின்றது. வெட்டின இளநீர் கையில். "இத நீங்க முன்னாலயே சொல்லலீங்களே" என்றார். இளநீரை வாங்காமல் வந்துவிட்டேன்.

செப். 7, ஞாயிறு

தூக்கமில்லை. அவர் சொன்னது சரி. மூன்று மாதமும் "ஓடு முக்கியம், ஓடு முக்கியம்" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னது நான்தான். கிடக்கும் இடம் முக்கியம் என்று ஒரு தடவையாவது சொன்னேனா? மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்கிற விஷயம். அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மாவு அரைக்க. கரண்ட் பில். அனுமதி விண்ணப்பம்: கிழித்துப் போட.

செப். 8, திங்கள்

காலை 8.10. சென்னியப்பன் போன். ஜேசிபி சத்தம் கேட்கவில்லை.

"டீச்சர், வேலமரத்துக்குக் கீழ ரெண்டடில மறுக்காவும் சாம்பலுங்க. செகப்பா மணி தெரியுது. மிசின நிறுத்திப்போட்டேன். ஆரும் தொடலீங்க, கெடந்த எடத்துலயே கெடக்குது. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன், வாங்க."

மணி 9.25. சிங்காநல்லூர். சூலூர் பஸ் இன்னும் வரவில்லை.