ஐந்தாவது இணைப்பு

விஸ்வநத்தம்,
ஜூலை 6, ஞாயிறு.

அன்பு மகள் ஓவியாவுக்கு அப்பா ஆசி சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளை செழியனும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. சாப்பிட்டுவிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து படி.

வீட்டுக்கு நெட் போட்டுக் கொடுத்த மகளுக்குத் தபாலில் கடிதம் எழுதுகிறாரே என்று உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள். போனில் நீ “என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு” என்று கேட்டால், அங்கே மழையா என்று பேச்சை மாற்றிவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால் அப்படி நழுவ முடியாது. அதனால்தான் இது.

முதலில் நெட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையில் கேபிள்காரர் முத்துராமலிங்கம் வந்தார். அரசு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று பட்டாசுக் கம்பெனியை மூடியிருக்கிறார்கள். அதனால் நானும் வீட்டில்தான் இருந்தேன். போஸ்ட் கம்பத்திலிருந்து மெல்லிசாக ஒரு கறுப்பு வயரை இழுத்து, ஜன்னல் ஓரம் ஓட்டை போட்டு, டிவி பக்கத்தில் ரூட்டரை வைக்கப் போனார். நான் விடவில்லை. இது சூடாகுமா, பொறி தட்டுமா, எர்த் எங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மனிதர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, இது பட்டாசு இல்ல, வெடிக்காது” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். கடைசியில் நான் சொன்ன இடத்தில்தான், அடுப்படிக்கு எட்டாத மூலையில், நடு அறைச் சுவரில் மாட்டினார். முதலில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பக் கம்பத்துக்குப் போய் என்னவோ செய்து வந்த பிறகு எல்லா விளக்கும் பச்சையாகிவிட்டது. அம்மா உடனே பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள்.

பேரையும் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லி நீ போனில் சொன்னாய் அல்லவா? புதன்கிழமை சாயங்காலம் உன் பழைய அரசாங்க லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தேன். பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த எண்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்து உள்ளே போய்விட்டேன். பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் கைவிடவில்லை. ஓவியா ஹோம் என்று வைக்கச் சொன்னாய். நான் சோணை போர்மேன் என்று வைத்தேன். தெருவில் எந்தப் போனைத் திறந்தாலும் அப்பா பேர் தெரியும் என்று ஒரு பெருமை. பாஸ்வேர்டை மாற்ற வேண்டாம், வந்தவர் கொடுத்ததே இருக்கட்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னாள். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதோடு நான் வெளியே வந்திருக்கலாம். உள்ளே இன்னொரு கட்டத்தில், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை இணைப்பு என்று போட்டு முப்பத்திரண்டு என்று இருந்தது. இந்தச் சின்னப் பெட்டியில் முப்பத்திரண்டு பேரா? நம் வீட்டில் டிவி ஒன்று, லேப்டாப் ஒன்று, எங்கள் போன் இரண்டு. கை தானாகப் போய் நாலு என்று போட்டுவிட்டது. நீ வரும்போது கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருசமாகப் போர்மேன் வேலை பார்க்கிறவனுக்கு வேறு எந்த எண் வரும்?

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு யாரோ வாசலில் வந்து நின்றார்கள். எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டு ஹர்ஷினி. குருவம்மாள் மகள். தன் அம்மா இறந்த பிறகு சித்தியோடு இருக்கிறாள். ஒன்றே முக்கால் வருசமாக நம் வாசலை மிதிக்காத பிள்ளை. கையில் போன், நன்றாகத் தேய்த்த சுடிதார், முகமெல்லாம் வேர்வை. “மாமா, நேத்து வரைக்கும் கிடைச்சுச்சு. இன்னைக்கு உள்ள விட மாட்டேங்குது. எனக்கு இப்ப இன்டர்வியூ மாமா” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து அம்மா ஓடி வந்தாள். பெட்டி மாட்டிய அன்றைக்கே பாஸ்வேர்டை எழுதி அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாளாம். என்ன செய்துவைத்தீர்கள் என்று என்னைக் கேட்டாள். நாலுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கிறேன் என்றேன்.

அம்மா என் பக்கத்தில் வந்தாள். பிறகு அந்தப் பிள்ளைக்குக் கேட்காத குரலில், “அஞ்சாவது ஆளை உள்ள விடக் கூடாதுங்கறது உங்களுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்” என்றாள்.

ஓவியா, இப்போது சொல்லப் போவதை உன்னிடமும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறைக்கு நாலு பேர்தான். நாலு பக்கமும் வாசல் இருக்கும். ஆளுக்கு ஒரு வாசலைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். ஏதாவது சத்தம் கேட்டால் யோசிக்காமல் எதிரே இருக்கும் வாசல் வழியாகப் பாய வேண்டும். ஐந்தாவது ஆளுக்கு வாசல் கிடையாது. புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. லாரி வந்து நிற்கிறது, சாயங்காலத்துக்குள் லோடு ஏறியாக வேண்டும் என்று முதலாளி போனில் கத்தினார். ஐந்தாவது ஆளை உட்கார வை என்று அவர் சொல்லவில்லை. அதை நானாகத்தான் செய்தேன். வெளியே சரக்குக் காயப்போட்டுக்கொண்டிருந்த குருவம்மாளைக் கூப்பிட்டு ஒன்பதாம் நம்பர் அறைக்குள் அனுப்பினேன். அவள் நடுவில் உட்கார்ந்தாள். தீப்பிடித்தபோது மற்ற நாலு பேரும் காயத்தோடு வெளியே விழுந்தார்கள். அவள் வரவில்லை.

போலீஸில் எழுதி வாங்கியபோது, அவளாகத்தான் உள்ளே போயிருக்கிறாள், நான் அந்தப் பக்கமே இல்லை என்று சொன்னேன். செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்? மற்ற நாலு பேரும் வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அவர்களில் பாண்டிமீனா மட்டும் நடந்ததை ரேஷன் கடை வரிசையில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா அதை இத்தனை நாளும் மனதிலேயே வைத்திருந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதை அவளுக்குத் தெரியாத சங்கதி என்று நினைத்துக்கொண்டு அவள் போட்ட சோற்றைத் தின்றேன்.

குருவம்மாள் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்றைக்கு பஸ் ஓடவில்லை. உன்னைச் சைக்கிளில் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு போய் விட்டவள் அவள்தான். அன்றைக்கு அரைநாள் வேலையை விட்டாள். அப்படிப்பட்டவளை, போகக் கூடாத இடத்துக்குத் தானாகப் போய் உட்கார்ந்து கம்பெனிக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தவள் என்று ஊர் பேசுகிறது. கல்யாண வீட்டில் பேசுகிறார்கள், இழவு வீட்டில் பேசுகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். அந்த எண்ணைத் திரும்ப மாற்ற எனக்கு நேரமில்லை. டிவியை அணைத்தேன், லேப்டாப்பை மூடினேன், என் போனிலும் நெட்டை நிறுத்தினேன். பிள்ளைக்கு உடனே கிடைத்துவிட்டது. வெயிலில் நிற்காதே என்று அம்மா நடு அறையில் நாற்காலி போட்டாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் இங்கிலீஷிலும் தமிழிலும் நிதானமாகப் பதில் சொன்னாள். உன் இன்டர்வியூ அன்றைக்கு நான் பட்ட தவிப்பைவிட அன்றைக்கு அதிகம் தவித்தேன்.

முடித்துவிட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றாள். “மாமா, எங்கம்மா செஞ்ச தப்புக்கு நீங்க போலீசு, கோர்ட்டுன்னு அலையுறீக. அந்தக் கோவத்துலதான் எங்களோட பேசலைன்னு நெனச்சு நானும் இங்கன வரல. இன்னைக்கு எனக்காக எல்லாத்தையும் அமத்திப் போட்டீக. எங்கம்மாவ மன்னிச்சிருங்க மாமா” என்றாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், ஓவியா. குருவம்மாளுக்காக, என்னிடம்.

தலையை ஆட்டினேன். அவள் போன பிறகு வேப்பமரத்தடிக்குப் போய், இத்தனை வயதுக்கு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன்.

இந்த மாதம் பதினெட்டாம் தேதி கோர்ட்டில் என் சாட்சி. கம்பெனி வக்கீல் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார். நேற்று விருதுநகர் போய் வேறொரு வக்கீலைப் பார்த்தேன். முன்னால் சொன்னதை மாற்றிச் சொன்னால் கேஸ் உங்கள் மேலேயே திரும்பும், உள்ளே போக வேண்டி வரலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்துவிட்டேன். உள்ளதைச் சொல்லப் போகிறேன். முதலாளி போனில் கத்தியதையும் சொல்வேன். அவர்மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கவும் மாட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். “புள்ளைக்குச் சொல்லிட்டுச் செய்யுங்க. அவ வயித்துப் பிள்ளையோட வரும்போது ஊர்க்காரங்க வாயில கேக்கக் கூடாது” என்றாள். நீ ஆவணியில் வளைகாப்புக்கு வருகிறாய். அதற்குப் பிறகு இங்கிருந்தே வேலை பார்ப்பாய் என்றுதான் இத்தனை ஏற்பாடும் செய்தாய். அப்போது நான் வீட்டில் இல்லாமல் போகலாம். மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது கேட்பார்கள். உனக்குத் தலைகுனிவுதான். அதை நினைத்தால்தான் பேனா நிற்கிறது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். அந்த வார்த்தையை வியாழக்கிழமை கேட்ட பிறகு எனக்கு அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு காரியம் பாக்கி இருக்கிறது. கோர்ட்டில் சொல்வதற்கு முன்னால் ஹர்ஷினியிடம் சொல்ல வேண்டும். ஜெயிலைவிட அதற்குத்தான் பயமாக இருக்கிறது. நாளைக்குப் போகிறேன். போய்விட்டு வந்து மீதியை எழுதிச் சேர்த்துத் தபாலில் போடுகிறேன்.

ஜூலை 7, திங்கள்.

ஓவியா, காலையில் போய்ச் சொல்லிவிட்டேன்.

அம்மா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். ஹர்ஷினி அப்போதுதான் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு நின்றாள். வேலை விஷயமாக இன்னும் பதில் வரவில்லை என்றாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. உங்கம்மாவை உள்ளே கூப்பிட்டது நான்தான் தாயி, போலீஸில் பொய் சொன்னேன் என்றேன். என்னென்னவோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

திட்டுவாள், கையில் இருப்பதை எறிவாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீர்க் குடத்தைத் தட்டால் மூடினாள். பிறகு, “எங்கம்மா மாட்டேன்னு சொல்லலையா மாமா?” என்று கேட்டாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அறைக்கு வெளியே பேசியது என்பதால் பாண்டிமீனாவுக்குக்கூடத் தெரியாது. சொன்னாள் தாயி என்றேன். “அண்ணே, உள்ள நாலு பேரு இருக்காகளே, நான் எங்கன உக்கார” என்று கேட்டாள். பத்து நிமிசம்தான், ஒதுங்கி உட்கார் என்று நான் சொன்னேன். போர்மேன் சொல்கிறாரே என்று போனாள்.

ஹர்ஷினி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். “எங்கம்மாவா போகல” என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். இரண்டு மூன்று தடவை அதையே சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமல், “இந்தப் பேச்சையும் கோர்ட்ல சொல்லுவீகளா?” என்றாள். சொல்லுவேன் என்றேன். “அப்ப போங்க” என்றாள். வந்துவிட்டேன். இனி அவள் என்னை மாமா என்று கூப்பிட மாட்டாள் என்று தெரிகிறது. அது சரிதான்.

நீ இங்கே வந்ததும் முதலில் அந்த வீட்டுக்குப் போ. என் சார்பில் எதுவும் பேசாதே. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வா, போதும். வளைகாப்புக்கு அவளையும் சித்தியையும் நீயே நேரில் கூப்பிடு. வந்தால் சந்தோசம், வராவிட்டால் வருத்தப்படாதே. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. வண்டியில் உட்காராதே. பிள்ளை குறையில்லாமல் பிறந்து, நீயும் அதுவும் நூறு வருசம் இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் மகளே. பதினெட்டாம் தேதி காலையில் மட்டும் எனக்குப் போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் வீட்டிலேயே இருந்துவிடலாம் போலத் தோன்றிவிடும்.

உன் அப்பா,
சோணைமுத்து.