மூன்று மனைத் தூரம்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். பதினோரு மணிக்கு அசோசியேஷன் கூட்டம், கீழே கார் நிறுத்தும் இடத்தில். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. மூன்றாவது விஷயம்: பி பிளாக் 403, நாய். அதாவது நான்.

போன புதன்கிழமை லிஃப்ட் கதவு திறந்தபோது எதிரே 505 அம்மா. என் நாய் சுக்கு பாய்ந்துவிட்டது. பல் படவில்லை. ஆனால் அந்த அம்மா கையிலிருந்த பால் பாக்கெட் விழுந்து உடைந்து, அவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். அன்றிலிருந்து முழங்கால் வலியோடு ஐந்து மாடியும் படியில்தான் ஏறுகிறாராம். அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

செக்ரட்டரி (இனி செக்.) தன்மையாகத்தான் பேசினார். "சாமுவேல், டூ வீக்ஸ் டைம். இருபதாம் தேதி காலைல நானே பாக்கறேன். கேட்லேர்ந்து கிளம்பி ஒரு முழு ரவுண்டு கூட்டிட்டு வாங்க. யார் மேலயும் பாயக்கூடாது. பாஞ்சா வேற இடம் பாத்துக்கணும். நாய்க்குத்தான் சொல்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

வேறு இடம் என்றால் மதுராந்தகம் பக்கம் மச்சினன் தோட்டம்தான். மோட்டார் கொட்டகையில் சங்கிலி. போனில் கேட்டதற்கு அவன்: "கொண்டாந்து வுடு மாமா. நல்லா கொலைக்கும்ல? அதான் நமக்கு வேணும்."



ஜூலை 7, திங்கள்

ஏ ஷிப்ட், காலை வேலை. நாலு மணிக்கு கம்பெனி பஸ் இறக்கிவிட்டது. ஐந்துக்கு அமுலு வந்தாள். நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவள், திருப்போரூரிலிருந்து ஸ்கூட்டியில். முப்பது வயதிருக்கும். யாராக இருந்தாலும் நீ, வா, போதான்.

சுக்குவைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் எங்களோடு ஊர்க்கதை. நடுநடுவே வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று தரையில். சுக்கு குரைத்து, முனகி, கடைசியில் வந்து தின்றது.

"இது ரவுடி இல்லண்ணா. பயந்தாங்கொள்ளி. நீ வர்றதுக்கு முன்னாடி நான் கத்திட்டா நீ பூடுவேன்னு நெனச்சிகினு கீது."

வாங்க வேண்டியது: மார்புப் பட்டை, முப்பதடிக் கயிறு, இடுப்புப் பை, கோழி ஈரல். தூக்கிப் போட வேண்டியது: கழுத்தை இறுக்கும் சங்கிலி.

இன்னொன்று, எழுத வேண்டும். எதைப் பார்த்தது, எவ்வளவு தூரத்தில், நாய் என்ன செய்தது, நான் என்ன செய்தேன். இருபத்திரண்டு வருடமாக மறைமலைநகரில் கார் உதிரி பாகங்களைச் சோதித்து எழுதுகிறவன் நான். எழுதுவது பிரச்சினை இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

மாலை 5.30. அடுக்ககத்துக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்ட காலி நிலம். கல் நட்டிருக்கிறது, மனை முப்பதடி அகலம். அளக்க வசதி.

வெள்ளை பொமரேனியன், மூன்று மனைத் தூரம்: பார்த்தது. காது நிமிர்ந்தது. ஈரல் தின்றது.
அதே நாய், இரண்டு மனை: விறைத்து நின்றது. ஈரல் வேண்டாம். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன்.
ஒன்றரை மனை: குரைப்பு, பாய்ச்சல். நான் இழுத்தேன், நாயின் சொந்தக்காரரிடம் சாரி சார் சொன்னேன். தோள் வலி.

அமுலு கணக்கு இதுதான்: "ஈரலு துன்னுதுன்னா மூள வேல செய்து. துன்னலன்னா நீ கிட்ட போயிட்டேன்னு அர்த்தம். ரிவர்ஸ் எடு." மூன்று மனையில் ஆரம்பித்து நாளுக்கு நாலு அடி குறைக்க வேண்டும். வேறு நாயைப் பார்த்தால் ஈரல், ஆளைப் பார்த்தால் ஈரல். குரைப்பதற்கு முன்னால், பின்னால் இல்லை.

மூன்று மனை என்றால் தொண்ணூறு அடி. எங்கள் கேட்டிலிருந்து லிஃப்ட் வரைக்குமே அவ்வளவு இல்லை. பன்னிரண்டு நாளில் எப்படி?

ஜூலை 10, வியாழன்

மோசமான நாள்.

ஹெல்மெட் போட்ட டெலிவரி ஆள், கேட் அருகில், பத்தடி. குரைப்பு. சாரி தம்பி.
குடையோடு ஒரு பெண்மணி, இருபதடி. குரைப்பு. சாரி மேடம்.
செக்., கார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், நாற்பதடி. கார் நிற்பதற்குள் குரைப்பு. சாரி சார்.

வாட்ச்மேன்: "இன்னாண்ணா, ஈரலு வாங்கிப் போட்டும் இப்டி கத்துது?"

வீட்டில் என் மனைவி ஸ்டெல்லா: "சட்டப்படி நாய வெளிய அனுப்புன்னு சொல்ல முடியாதாம். நெட்ல போட்டுருக்கான். நீங்க ஏன் இப்டி பயப்படறீங்க?"

சட்டம் இருக்கட்டும். நாளைக்கு லிஃப்டில் இவர்கள் முகத்தைத்தானே பார்க்க வேண்டும். அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். எங்கள் வகையறாவில் படூர் மாதிரி இடத்தில் ஃப்ளாட் வாங்கிய முதல் ஆள் நான். குடிவந்த நாளிலிருந்து இந்த வராந்தாவில் சத்தமாகத் தும்மியதுகூட இல்லை. அப்படி இருந்தும் என் வீட்டிலிருந்துதான் சத்தம்.

சுக்கு என் செருப்பின்மேல் தலை வைத்துத் தூங்குகிறது. இரண்டு வருடம் முன் பஸ் நிறுத்தத்தில் டயருக்கு அடியில் கிடந்த குட்டி, சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். இதைச் சங்கிலியில் விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது.

ஜூலை 13, ஞாயிறு

கடப்பாக்கம். அமுலுவின் சொந்த ஊர். "அதுக்கு ஒரு நாள் லீவு வுடுண்ணா. பயம் மேல மேல ஏறிகினே போச்சின்னா எறங்க டைம் வேணும்" என்று வரச் சொன்னாள். காரில் பின்சீட்டில் சுக்கு இரண்டு தடவை வாந்தி.

இடிந்த கோட்டைக்குக் கீழே கடற்கரை. படகுகள் கரையேறிக் கிடந்தன. கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை, நாய் இல்லை. முப்பதடிக் கயிறு தளர்ந்து கிடந்தது. சுக்கு நண்டு வளையைத் தோண்டி மூக்கை விட்டுக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு. நான்கூட உட்கார்ந்துவிட்டேன்.

போன். செக்.

"சாமுவேல், இருபதாம் தேதி ஏழரை மணி, மறந்துடாதீங்க. 505ல மறுபடி கம்ப்ளெயின்ட் சொன்னாங்க."

"சாரி சார். சாரி சார்."

சுக்கு துள்ளி எழுந்தது. முதுகு மயிர் சிலிர்த்து, கடலைப் பார்த்துக் குரைத்தது. பிறகு கோட்டையைப் பார்த்து. அங்கே யாருமே இல்லை.

அமுலு என்னையே பார்த்தாள். "போன வெச்சுட்டு இன்னொரு தபா சொல்லுண்ணா."

"எதை?"

"அந்த சாரி சார."

சொன்னேன். மறுபடி குரைப்பு, கயிற்றின் முனை வரை ஓடி. அமுலு அதையே சொல்லிப் பார்த்தாள். சுக்கு திரும்பக்கூட இல்லை.

"நான் சொன்னா ஒண்ணியும் இல்ல. உன் வாய்லதான் கீது. ஆளு வர்றத நீதான் மொதல்ல பாக்கறே. பாத்த ஒடனே நடுங்கறே, கயித்த இழுக்கறே, சாரின்றே. அதுக்கு இன்னா தெரியும்? எங்காளு இந்த வார்த்த சொன்னா எவனோ அடிக்க வரான், அவ்ளோதான் தெரியும். உன்ன காப்பாத்த முந்திகினு நிக்குது."

வீடு திரும்பினோம். வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். செக். காரைப் பார்த்த அன்று கார் நிற்பதற்குள் குரைத்தது என்று எழுதியிருக்கிறேன். கார் நிற்பதற்குள் நான் சாரி சொல்லியிருப்பேன். கம்பெனியில் இப்படி ஒரு குறை வந்தால் எந்த மெஷினில் என்று தேடுவோம். இங்கே மெஷின் நான்தான். இரண்டு வருடமாக நானே பழக்கியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுதேன், ஸ்டெல்லா பார்க்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சாரி சொல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. இன்று மட்டும் பதினான்கு. பஸ்ஸில் என் காலை மிதித்தவனிடம் நான் சாரி சொன்னேன். கேன்டீனில் வரிசையில் எனக்கு முன்னால் புகுந்தவனிடமும்.

அமுலு: "வாய மூடிகினு வர முடியலன்னா எதுனா பாடிகினு வா." பாடினேன். எனக்குப் பாட வராது.

பொமரேனியன், இரண்டு மனை: ஈரல் தின்றது! கயிறு தளர்வு. நான்: முனகல் பாட்டு.

லிஃப்ட் வேண்டாம் என்று முடிவு. நான்கு மாடியும் படி.

ஜூலை 17, வியாழன்

மாலை தூறல். பொமரேனியன், ஒரு மனை: தின்றது. ஹெல்மெட் ஆள், இருபத்தைந்து அடி: பார்த்தது, என்னைத் திரும்பிப் பார்த்தது, தின்றது. தானாகத் திரும்பிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அமுலுவுக்கு உடனே மெசேஜ். கட்டைவிரல் படம் வந்தது.

படியில் 505 அம்மா எதிர்ப்பட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, சுக்குவைத் திருப்பி மேலே கூட்டிப்போய்விட்டேன். சாரி சொல்லவில்லை. பின்னால் கேட்டது: "திமிரப் பாத்தியா. ஒரு வார்த்த சொல்லுதா அந்த ஆளு."

 சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு.

ஜூலை 18, வெள்ளி

ஸ்டெல்லா தள்ளிவிட்டதால் 505க்குத் தனியாகப் போனேன். சுக்கு இல்லாமல். உட்காரச் சொன்னார். நடந்தது என் தப்புதான், மன்னிச்சுக்கோங்கம்மா என்றேன். ஒரே தடவை.

"நாயச் சொல்லலப்பா" என்றார். "அன்னிக்கு நீ சாரி சாரின்னு சொல்லிகினே நின்னே. நாய இட்டுகினு ரெண்டடி பின்னால போவலியே. நான் செவுத்துல ஒட்டிகினு நிக்கறேன், நீ சாரின்றே."

 முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே காபி போடட்டுமா என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 19, சனி

  ஈரல் வெட்டி வைத்தாயிற்று, சின்னச் சின்னதாக, எண்பது துண்டு. மார்புப் பட்டையின் கொக்கியை எத்தனை தடவை சோதிப்பது. மச்சினன் போன்: "சங்கிலி வாங்கி வெச்சுட்டேன் மாமா." கட் செய்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

விடிகாலை மழை, தரை ஈரம். ஏழரைக்கு கேட்டில் செக்., அசோசியேஷன் ஆட்கள் மூன்று பேர், வாட்ச்மேன். அமுலு வெளியே ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே வரக்கூடாதாம்.

கார் கழுவுகிறவர், பதினைந்தடி: தின்றது. பொமரேனியன், முப்பதடி: தின்றது. பந்து விளையாட்டு, இருபதடி: நின்றது, முனகியது, தின்றது. நான் பாடினேன், எவன் கேட்டால் என்ன. ஏ பிளாக் திரும்பினோம். சி பிளாக் திரும்பினோம். கேட் தெரிந்தது.

அங்கேதான் செக். "வெரி குட், வெரி குட்" என்று கையை நீட்டிக்கொண்டு நேராக வந்தார். சுக்குவின் தலையைத் தடவக் குனிந்தார். காது பின்னால் போனது. உடம்பு கட்டையானது. ஈரலை நீட்டினேன், வாங்கவில்லை. அந்த வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

கயிற்றைத் தளர்த்தி இரண்டடி பின்னால் போனேன். "சார், தள்ளி நில்லுங்க" என்றேன்.

"என்னது?"

"தள்ளி நில்லுங்க சார். அதுக்குப் பயமா இருக்கு."

நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சிவந்தது. நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டார். பிறகு தள்ளி நின்றார். ஓரடி, இரண்டடி, மூன்றடி. சுக்கு மூச்சு விட்டு, உடம்பை உதறி, என் கையிலிருந்த ஈரலைத் தின்றது.

"சரி, இருக்கட்டும்" என்றார் செக்., மற்றவர்களைப் பார்த்து. எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

'தள்ளி நில்லு' என்பதை அப்பா கடைசிவரை கேட்டவர். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

சுக்குவோடு படியேறினேன். ஸ்டெல்லா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சுக்கு இனி இங்கேதான் என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். "அவரத் தள்ளி நிக்கச் சொன்னேன்" என்றேன்.

"ஆரு, நீங்களா?" என்றாள்.