ரோட்டில் போட்ட வாங்கு

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
09.09.2007

பாரிசில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி புவனேந்திரன் அவர்களுக்கு, சண்முகராசா வணக்கம் சொல்லி எழுதுவிப்பது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச்சொல்ல எழுதுறது பக்கத்து வீட்டுப் பியற்றிஸ் பிள்ளை. உங்களோட நேரில் கதைக்க எனக்கு முகமில்லை.

எங்கட வீதியைக் கவுன்சில்காரர் மாத்திப்போட்டினம். ஒரு முனையில் மரம் நட்டு, கார் ஊடறுத்து ஓடாமல் மறிச்சாச்சு. நடைபாதையும் நல்ல அகலம். முந்தி வெளியில் விடாத பிள்ளையள் இப்ப நடுரோட்டில் சைக்கிள் ஓடுதுகள். என்ன வேணும் எண்டு கவுன்சில்காரர் வீடு வீடாகக் கேட்டு வந்தபோது, களைச்சால் குந்தியிருக்க ஒரு மர வாங்கு போடுங்கோ எண்டு மகன் நிஷாந்தனைக் கொண்டு சொல்லுவிச்சவன் நான்தான். சீனி வருத்தத்துக்கு நடக்கவேணும் எண்டு டொக்டர் சொன்னவர். காலைமையில் உங்கட மகள் லோஜினிதான் எனக்குச் சப்பாத்து நாடா கட்டிவிட்டு, மாமா, வாங்கு மட்டும் போய் இருந்திட்டு வாங்கோ எண்டு அனுப்புவாள்.

போன மாதம் அதில் மூச்சு வாங்க இருக்கேக்க, விம்பிள்டன் கோயிலுக்கு வெளிக்கிட்ட, கோயிலடியில் பழக்கமான விஜயரத்தினம் கண்டிட்டார். என்ன அண்ணை, ரோட்டில குந்தியிருக்கிறியள், வீட்டில கதிரை இல்லையோ எண்டு நக்கலடிச்சார். நானும் விடாமல், மருமகள் கலைச்சுப்போட்டாள் தம்பி, இனி இதுதான் என்ர வீடு எண்டன். பகிடிக்குத்தான். அவர் சிரிக்கேல்ல. ரோட்டோரம் இருக்கிற கிழவனை எங்கட சனம் என்னெண்டு நினைக்கும் எண்டு எனக்குத் தெரியாததே? கூப்பிட்டு, பகிடி எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லேல்ல.

கதை கோயிலடியில் சுத்தி, கடல் தாண்டி உங்களிட்ட வந்திட்டுது. மாமனை ரோட்டில் விட்டவள் எனக்குப் பிள்ளை இல்லை எண்டு நீங்கள் அவளைப் பேசி, டெலிபோன் எடுக்கிறதையும் விட்டதை நிஷாந்தன் சொன்னான். விஜயரத்தினத்திட்டப் போய் உண்மையைச் சொன்னன். எனக்கு அப்பவே தெரியும் அண்ணை எண்டு மழுப்புறார்.

நான் வெட்கத்தில் வீட்டுக்குள்ளேயே கிடந்தன். சீனி ஏறிச்சுது. போன வெள்ளி லோஜினியே சப்பாத்தைக் கொண்டுவந்து முன்னால் வச்சாள். கூட நடந்து வந்து, வாங்கில் என்ர பக்கத்தில் இருந்து, தேத்தண்ணி ஊத்தித் தந்தாள். கோயில் சனம் பாத்துப் பாத்துப் போச்சுது. நான் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தன். ஒரு பகிடியால் உங்கட பிள்ளையை ரோட்டில் இருத்தினவன் நான், சம்பந்தி.

நீங்கள் வழக்கமாக டெலிபோன் எடுக்கிற ஞாயிறு பின்னேரங்களில், அவள் அதுக்குக் கிட்ட நிண்டு உடுப்பு மடிக்கிறாள். மடிச்சதையே திரும்பவும் மடிக்கிறாள். என்னை எவ்வளவும் பேசுங்கோ. கேட்டுக்கொண்டிருப்பன். முதல் அவளோட கதையுங்கோ.

நீங்களும் சம்பந்தி அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேணும்.

உங்கள் முன்னால் தலை நிமிர ஏலாத,
சண்முகராசா