தொட்டி நின்ற தேதி

மே 17, சனிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், தம்பி வீட்டில் இருக்கும்போது பேச முடியவில்லை, இல்லாதபோது பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடுகிறது.

சுரங்கத்துத் தண்ணீரை நம் வயலோரத்து வாய்க்காலில் விடுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா. சுத்தப்படுத்தி விடுவதாகத்தான் பேச்சு, கோடையில் தண்ணீர் வருகிறதே என்று எங்களுக்கும் சந்தோஷம்தான். இப்போது வாய்க்கால் கரை துருப் பிடித்த மாதிரி இருக்கிறது. வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகுகிறது, பாத்தியெல்லாம் உப்பு. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. குடிக்க அப்பா சைக்கிளில் இரண்டு குடம் கொண்டுவருகிறார், இந்த வயதில் தண்ணி லாரி உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்று சிரிக்கிறார்.

இதையே நிரந்தரமாக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், தெருவே என்னிடம் வந்தது, எழுதினேன். நான் மளிகைச் சீட்டிலும் தேதி போடுகிறவள், உனக்குத் தெரியும். சுத்திகரிப்புத் தொட்டி மார்ச் ஒன்பதாம் தேதியிலிருந்து ஓடவில்லை, தண்ணீர் அப்படியே வருகிறது என்று எழுதிவிட்டேன். தம்பி ஒருநாள் சாப்பிடும்போது சொன்னது. அவன் அங்கே பம்பு ஓட்டுகிறவன், வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அந்தத் தேதி தெரியும். அதன்மேல் நடந்த விசாரணையில் அதிகாரி அந்த வரியைச் சத்தமாகப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதை யார் சொன்னது என்று கேட்டார். கிணறு அந்த வாரம்தான் கெட்டது, துணி துவைக்கிறவளுக்குத் தெரியாதா என்றேன். எழுதிக்கொண்டார். சுரங்க மேலாளர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வரும்போது பக்கத்தில் வந்து மரியாதையாகத்தான் கேட்டார், "உங்க பையன் இந்த வாரம் எந்த ஷிப்டும்மா?"

புதன்கிழமை தம்பியைப் பம்பிலிருந்து எடுத்து, சுரங்கத்தில் தண்ணீர் தேங்கும் கடைசி மட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவன் போனதும் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், ஷிப்டு பஸ் வரும்வரை பேப்பரில் ஒரே பக்கம்தான்.

மனுவில் எதையாவது நீக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் வரச் சொல்லியிருந்தார் அதிகாரி. நேற்றுக் காலை அந்த வரியை அடிக்கத்தான் நகலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தம்பி பூட்ஸ் போட்டுக்கொண்டே பார்த்தான். "அதை அடிச்சுட்டா சோப்பு நுரைக்கலைங்கிறதுதான் மிச்சம் இருக்கும். அதுக்கு அவங்க நல்ல சோப்பா வாங்கிக் கொடுத்துடுவாங்கம்மா" என்றான். போய்விட்டான். நான் அடிக்கவில்லை. செய்தது சரிதானா என்று உன்னையும் கேட்கமாட்டேன், கேட்டால் நீயும் என் மாதிரி தூங்கமாட்டாய்.

மனுவின் நகல் ஒன்று இதனுடன் இருக்கிறது, உன்னிடமே பத்திரமாக இருக்கட்டும். உங்கள் ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எங்கள் இருவர் ஆசியும் உன்னைச் சுற்றியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி பேசும்போது என்ன வேண்டுமானாலும் கேள், எந்த ஷிப்டு என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா