காதர் பாய் கொடுத்த குல்லா

ஆனி 14, ஞாயிறு.

ஊர் வரலாற்று மலருக்குப் படம் எடுக்கிறோம், உப்புக் குவிக்க ஆள் வேண்டும் என்று விழாக் குழுச் செயலாளர் கூப்பிட்டார். போனேன். இந்த ஊரின் எல்லாச் சாதி சனமும் சேர்ந்து நிற்கிற அட்டைப்படமாம். வலையோடு ஒரு மீனவர், சர்ச்சிலிருந்து ஒரு அம்மா. உப்பளத்து ஆளாக, வெள்ளை வேட்டியில், உப்பு வாரும் பலகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு செயலாளரின் மச்சான். முப்பது வருஷமாக உப்பு வாருகிற நான் ஓரமாகக் கூடையோடு நின்றேன்.

"பாய் ஒருத்தரு குறையுதே. டெய்லர் காதர் கடையில ஒரு குல்லா வாங்கிட்டு வா" என்றார் செயலாளர். ஓடினேன். காதர் பாய் தான் தைத்த புதுக் குல்லாவை உதறிக் கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை.

கொண்டுபோய் நீட்டினால், "நீயே போட்டுக்கிட்டு நில்லுப்பா. யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார்.

போட்டுக்கொண்டு நின்றேன். இந்த ஊர் உப்பை வண்டி கட்டி வெளியூருக்குக் கொண்டுபோனவர் காதர் பாயின் தாத்தா. காதர் பாயையே கூப்பிடலாமே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலத்துக்குள் படம் எல்லார் போனிலும் வந்துவிட்டது. டீக்கடையில் காதர் பாய் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"ஏம்பா, அளவு சரியா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இருந்துச்சு பாய்" என்று பதில் வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.